மஞ்சள் நீக்காத பத்தி

இல்லை, அதை இன்னும் எடுக்கவில்லை.

காலையில் கணினியில் வேர்டைத் திறந்தால் முதலில் வருவது அந்தச் சின்னப் பெட்டிதான். சாம்பல் நிறம். நடுவில், ஆங்கில எழுத்துகளில், "வந்தாச்சா?" ஓகே அழுத்தாமல் அப்பால் போக முடியாது. தமிழ் எழுத்தில் போடத்தான் நீ முதலில் பார்த்தாய். வேர்டைத் தானாக வேலை செய்ய வைக்கும் மேக்ரோக்களை எழுதும் பலகைக்குத் தமிழ் ஆகவில்லை. வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தன. "பாரு, நம்மளைக் கண்டாலே அதுக்குச் சம்சயம்" என்று சிரித்தாய்.

மொழிபெயர்ப்புக் கடை முதலாளி ரவியண்ணன் பழக்கம் மாறாமல் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். "அதைக் களஞ்சுடேன் மோளே. காணும்போ எனக்கு என்னமோ போல இருக்கு." களையலாம். எப்படி என்றும் தெரியும். ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு. வேர்ட் திறக்கும்போதெல்லாம் அதுவும் தானாகத் திறந்துகொள்ளும்படி நீ அங்கே வைத்தது. இழுத்து வெளியே போட்டால் பெட்டி வராது. நீ எழுதி வைத்த எதுவுமே வராது.

தினமும் ஓகே அழுத்துகிறேன்.

ஒரு நாள் காலை மட்டும் அழுத்தவில்லை. அந்த நாளைச் சொல்லத்தான் இது.

நீயும் நானும் எதிரெதிர் மேசை. பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கும் தேங்காய்ச் சத்தம் ஜன்னல் வழியே ஏறி வந்துகொண்டே இருக்கும். சாலை, ஆரியசாலைக் கடைத்தெருத் தமிழ்க் குடும்பங்களின் பழைய தமிழ்ப் பத்திரங்கள் நம்மிடம் வரும். மலையாளத்தில் பெயர்த்து, கடைசிப் பக்கத்தில் சான்று எழுதிக் கொடுப்போம். இது சரியான மொழிபெயர்ப்பு. பெயர்த்தவர் பெயர். கையெழுத்து. தேதி. கோர்ட்டில் அந்தச் சான்றுக்குத்தான் மதிப்பு.

நான் தமிழ் எம்.ஏ. நீ பி.காம். முடித்து, சி.ஏ. பாதியில் விட்டு வந்தவள். ஒரே வயது. வந்த வாரமே சண்டை.

"நீ ஒவ்வொண்ணையும் கவிதை மாதிரி தடவித் தடவிப் பாக்குற. இது பத்திரம்டீ. ஒரே தலைப்பை இன்னும் எத்தனை வருஷம் அடிப்ப?"

"அடிச்சாத்தான் வாசிப்போம்."

"அடிச்சா கை வலிக்கும். அவ்ளோதான்."

ஓணம் விடுமுறைக்கு நான் நாகர்கோவில் போயிருந்தேன். திரும்பி வந்து வேர்டைத் திறந்தேன். வந்தாச்சா? நீ எதிர் மேசையில் முகத்தைத் திரைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ஓகே அழுத்தினேன். மேலே புதிதாக ஒரு வரிசைப் பொத்தான்கள். கிரயம், ஒற்றி, பாகப்பிரிவினை. பாகப்பிரிவினையைத் தட்டியதும் பக்கத்தில் ஒரு பத்திரத்தின் எலும்புக்கூடு வந்து விழுந்தது. தலைப்பு, வகையறாக்கள், நான்கு எல்லைகள், வழக்கமான அந்தப் பத்தி, கடைசியில் சான்று. உன் கணினியில் உன் பெயர். என் கணினியில் என் பெயர். ஸ்கேன் செய்த கையெழுத்துப் படம், மலையாளத்தில் ஒப்பு. கீழே தேதி. அன்றைய தேதி. கோப்பை எந்த நாள் திறந்தாலும் அந்த நாளின் தேதி.

"ஆள் வந்து வாங்குற அன்னைக்குத்தானே ஒப்புப் போடுறோம். அதான்."

வழக்கமான அந்தப் பத்தி உனக்கும் மனப்பாடம், எனக்கும் மனப்பாடம். நடைவழி, வண்டிவழி, கிணற்றுப் பாத்தியம் முதலானவை அவரவர் பாகத்துக்குச் சேர்ந்தவை. நான் அதில் விரலை வைத்தேன். பத்திரத்தில் இல்லாதது எப்படி முன்னாலேயே வந்து உட்காரலாம்?

"முக்கால்வாசிப் பத்திரத்துல அது இருக்கு. இல்லேன்னா எடுத்துடு. எடுக்கிறது எளுப்பம்."

"எடுக்க மறந்தா?"

நீ திரைப்பக்கம் திரும்பித் தட்ட ஆரம்பித்தாய். மறுநாள் காலை பொத்தானைத் தட்டினேன். எலும்புக்கூடு முழுவதும் மஞ்சளாக வந்தது. தானாக வரும் ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் மஞ்சள் பூசி வைத்திருந்தாய். அன்றே சட்டமும் போட்டாய். ஒருத்தி மூலத்தைத் தமிழில் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவள் மலையாளப் பக்கத்தில் விரல் வைத்துக்கொண்டு போக வேண்டும். ஒத்துப்போன இடத்தில் மட்டும் மஞ்சளை எடுக்கலாம். மஞ்சள் இருக்கும் வரை பிரிண்ட் கிடையாது. "தானா வர்றதைத்தான் ரெண்டு தடவை வாசிக்கணும்" என்பாய். நீ வாசித்தால் ரேடியோ செய்தி மாதிரி இருக்கும். மேற்படி, மேற்படி என்று இழுத்து, அதே குரலில், "மேற்படியார் படி ஏறுறார், டீயை மறை" என்பாய். ரவியண்ணன் உள்ளே வருவார்.

மழை தொடங்கிய வாரம் நான் அக்காவின் வளைகாப்புக்கு ஊருக்குப் போனேன். சாலையில் தண்ணீர் ஏறியிருந்தது. நீ அதில் நடந்து வந்திருக்கிறாய். காய்ச்சலோடு உட்கார்ந்து சண்முகம் அண்ணாச்சியின் பாகப்பத்திரத்தை அடித்திருக்கிறாய். அடுத்த முறை உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். எலிப்பனி, எலிக்காய்ச்சல். "பேரைப் பாருடீ. இதுல போனா வெளியில சொல்லிக்க முடியுமா?" கண் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. நான் சிரித்தேன். நீ சொன்னதற்குச் சிரிக்காமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

நீ போன பிறகு உன் மேசையைத் துடைக்க மட்டும் துடைத்தோம்.

அந்த நாள். காலை வேலை தொடங்கி டீ இன்னும் வரவில்லை. லீலா வக்கீல் கறுப்புக் கோட்டோடு படி ஏறி வந்தார். பின்னால் சண்முகம் அண்ணாச்சி, மூச்சு வாங்கிக்கொண்டு. ஆரியசாலையில் மிளகாய் வற்றல் மொத்த வியாபாரம் செய்பவர். வக்கீல் ஒரு தாளை என் மேசையில் வைத்தார்.

"இதுல யாரு ஒப்புப் போட்டது?"

உன் பெயர். உன் கையெழுத்து, அந்த வளைந்த வால் உட்பட. கீழே தேதி. போன வாரத்துத் தேதி. நீ போய் மூன்றாம் மாதம்.

ரவியண்ணனைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"அவ மெஷின்ல முடிஞ்சு கிடந்தது. அண்ணாச்சி பாவம் அவசரப்பட்டாரு. நான் வெறுதே பிரிண்ட் மட்டுந்தான் எடுத்தேன்."

"சீலு?" என்று கேட்டேன்.

"சீலும் வச்சேன்."

"ஈஸ்வரா" என்றார் வக்கீல். "எதிர்கட்சி ஆருன்னு அறியுமோ? அண்ணாச்சியோட பெரியப்பா மகன். அந்தக் குட்டியோட சாவுக்கு வந்து மாலை போட்டுட்டுப் போனவன். மரிச்சுப் போன ஆளு போன வாரம் எப்படி ஒப்புப் போட்டதுன்னு இன்னைக்கு கோடதியில கேக்கப் போறான். கள்ள டாக்குமென்ட்னு பறையப் போறான்."

வழக்கு இதுதான். அண்ணாச்சியின் கோடவுன் கடைக்குப் பின்னால். அதற்குப் போகும் வண்டிவழி பெரியப்பா மகனான அண்ணனின் கடையை ஒட்டிப் போகிறது. அண்ணன் அதில் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். மூட்டைகள் முன்கடையில் கூரை முட்டக் கிடக்கின்றன, மழை ஈரத்தில் வற்றல் பூஞ்சை பிடிக்கிறது. கேட்டைத் திறக்க இடைக்கால உத்தரவு கேட்டிருக்கிறார்கள். விசாரணை அன்று மத்தியானம். கையில் இருந்த ஒரே ஆதாரம் தாத்தா காலத்துப் பாகப்பத்திரம். அதன் மொழிபெயர்ப்புதான் என் மேசையில் கிடந்தது.

"பேரை மாத்து மோளே" என்றார் ரவியண்ணன். "உன் பேரு, இன்னைக்குத் தேதி. வேலை அதேதானே?"

வக்கீல் அவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னார். "சாட்சிக் கூண்டுல ஏத்தி, பெயர்த்தது நீங்க தானோன்னு கேட்டா நீ ஆமான்னு சொல்லணும். சொல்ல முடியுமோ?"

"நான் முதல்லேருந்து பண்றேன்."

"கேசை ரெண்டரைக்கு விளிக்கும்."

"மூலத்தைக் குடுங்க."

வேர்டைத் திறக்கப் போன கை நின்றது. திறந்தால் பெட்டி வரும். பெட்டிக்குப் பின்னால் நீ வருவாய், உன் எலும்புக்கூடு, உன் சொற்கள், ரெண்டு எழுத்து தட்டினால் விரியும் உன் வாக்கியங்கள். அவை வந்தால் இது என் வேலை ஆகாது. உன் மேக்ரோ ஒருமுறை சிக்கிக்கொண்டபோது நீ செய்ததைப் பார்த்திருக்கிறேன். கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு திறந்தேன். சேஃப் மோடில், சேர்த்து வைத்தது எதுவும் இல்லாமல், திறக்கவா என்று கேட்டது. ஆம்.

பெட்டி வரவில்லை. வெள்ளைப் பக்கம் மட்டும்.

அண்ணாச்சி உட்கார இடம் தேடி உன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பத்திரத்தைப் பிரித்தேன்.

கை பழகிய வழியில் போனது. "மே" என்று தட்டிவிட்டுக் காத்திருந்தேன். மேற்படி வரவில்லை. முழுதாக அடித்தேன். திரும்பவும் "மே". திரும்பவும் காத்திருந்தேன். ஒவ்வொரு இடத்திலும் நீ எந்தச் சொல் போட்டிருப்பாய் என்று முதலில் தெரிந்தது. பிறகு என்னுடையதைத் தேட வேண்டியிருந்தது. சில இடங்களில் உன்னுடையதுதான் சரி. அங்கே அதையே போட்டேன், ஆனால் எழுத்தெழுத்தாக. பத்திரம் எழுதியவரின் கை வேகமாக ஓடிய கை, ள-வும் ன-வும் ஒன்று போல. பத்திரத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வாசித்தேன். உரக்க. எதிரே விரல் வைத்துக்கொண்டு போக ஆள் இல்லை.

"ஆச்சா தாயி?"

"ஆகுது அண்ணாச்சி."

"அந்தப் புள்ள வெரசா அடிப்பா."

"ஆமா."

வடக்கு எல்லை. கிழக்கு எல்லை. தெற்கு. மேற்கு. மேற்கில் அண்ணாச்சியின் பெரியப்பாவின் பாகம். முற்றுப்புள்ளி இல்லாமல் வரி முடிந்தது. பக்கத்தைத் திருப்பினேன். சாட்சிகள் கையெழுத்து.

பின்னால் திருப்பினேன். மறுபடி முன்னால். பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் பார்த்தேன். இல்லை. எல்லைகளுக்குப் பிறகு சாட்சிகள்தான். நடைவழி இல்லை. வண்டிவழி இல்லை. கிணறு இல்லை.

நீ அடித்து வைத்த பாகப்பத்திரக் கோப்பைத் திறந்தேன். அதுவரை திறக்கவே இல்லை. எல்லைகளுக்குக் கீழே அந்தப் பத்தி இருந்தது.

மஞ்சளாக இருந்தது.

சான்றும் மஞ்சள். உன் பெயரும் மஞ்சள். தேதி அன்றைய தேதிக்கு மாறி, அதுவும் மஞ்சளில். பாதி வேலையை வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறாய், வந்து ஒத்து வாசிக்கலாம் என்று. நம் பிரிண்டரில் மஞ்சள் வெள்ளையாகத்தான் விழும். ரவியண்ணன் கைக்கு வந்தது சுத்தமான தாள்.

மனுவே அந்தப் பத்தியின் மேல்தான் நின்றது. அது எனக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தை வாசிக்கக்கூடியவர் அந்த அறையில் நான் ஒருத்தி. கோர்ட்டிலும் அநேகமாக யாரும் இல்லை. அதுவும் தெரியும். பத்தி மனப்பாடம். அடிக்க ஒரு நிமிடம் ஆகாது. விரல்கள் விசைகளின் மேல் இருந்தன. உன்னைக் கேட்டிருப்பேன். நீ என்ன சொல்வாய் என்பது மட்டும் தானாக வரவில்லை.

"அண்ணாச்சி, இதுல வழி இல்ல."

"என்ன இல்ல?"

"வழி. நாலு எல்லை இருக்கு. வழியைப் பத்தி ஒண்ணும் எழுதல."

"அந்தப் புள்ள எழுதியிருக்காளே. வக்கீலம்மா வாசிச்சுக் காட்டினாங்களே."

"அவ எழுதல. அது தானா வந்தது."

அவர் என் முகத்தையே பார்த்தார். "தானா வருமா?"

"டீக்கடையில கேக்காமலே சீனி போடுவான்ல. வேண்டாம்னா நாமதான் சொல்லணும். அவ வேண்டாம்னு சொல்றதுக்குள்ள படுத்துட்டா."

 அண்ணாச்சி, குரலை உயர்த்தாமல்:

"செத்த புள்ள எனக்கு வழி குடுத்துட்டுப் போனா. உயிரோட இருக்க நீ அடைக்கியே தாயி."

அப்போதும் தாயி என்றுதான் சொன்னார்.

"ஒரு பத்தி தானே மோளே" என்றார் ரவியண்ணன், மெதுவாக. "அவரு காலங்காலமா நடந்த வழி. பொய் இல்லல்லோ."

"வழி பொய் இல்ல. பத்திரத்துல இருக்குன்னு சொன்னா அது பொய்."

பிரிண்ட் எடுத்தேன். பேனாவால் கையெழுத்துப் போட்டேன். தேதியும் பேனாவால்.

வக்கீல் காத்திருந்த வஞ்சியூர் கோர்ட்டுக்கு அண்ணாச்சியும் ரவியண்ணனும் நானும் ஆட்டோவில் போனோம். கோர்ட் வராந்தாவில் வக்கீல் நின்றபடியே வாசித்தார். எல்லைகள் வரை வந்து, பக்கத்தைத் திருப்பி, நான் செய்த மாதிரியே பின்னால் திருப்பினார்.

"இது நமக்கு எதிரா போகும். அறியுமோ?"

"அறியும்."

"பத்தியை நீ விட்டதோ, அவ சேர்த்ததோ?"

"ரெண்டும் இல்ல." சொன்னேன். மஞ்சளைப் பற்றி, தேதியைப் பற்றி. அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பழைய மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெறுவதாகவும் புதியதைத் தாக்கல் செய்வதாகவும் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இறந்துபோன பெண்ணின் பெயரில் கள்ள ஒப்பு என்றார். உன் பெயரை முழுதாக, இன்ஷியலோடு, சத்தமாகச் சொன்னார். பின்வரிசையில் அண்ணாச்சியின் அண்ணன் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பெயர்த்தவர் வந்திருக்கிறாரா என்று நீதிபதி கேட்டார். எழுந்து நின்றேன். முதல் பிரதியை எழுதியது யார்? உன் பெயரைச் சொன்னேன். வேலை முடியாமல் இருந்த கோப்பு என்றேன். கையெழுத்தும் தேதியும் அந்தப் பத்தியும் டெம்ப்ளேட்டில் இருந்து தானாக வருபவை, சரிபார்த்த பிறகுதான் நிற்கும், சரிபார்க்க அவள் இல்லை. அவள் கள்ளம் செய்யவில்லை. கடைசி வாக்கியம் யாரும் கேட்காதது.

"தேதி எப்படித் தானா மாறும்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மலையாளத்தில் கிண்டலாகக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீதிபதியே சொன்னார். "அது மாறும். எங்க டைப்பிஸ்டும் இதுல ஒரு தடவை மாட்டியதாணு." யாரோ சிரித்தார்கள். கள்ள ஒப்பு என்ற சொல் அதோடு நின்றது. உன் பெயர் கோர்ட் குறிப்பிலிருந்து போனது.

உத்தரவு கிடைக்கவில்லை. பத்திரத்தில் வழி இல்லாத நிலையில், வேறு ஆதாரம் இருந்தால் கொண்டுவரலாம் என்று தள்ளிவைத்தார்கள். கேட் பூட்டியபடியே.

அண்ணாச்சி குடையை விரித்துக்கொண்டு தனியாக நடந்து போனார். வக்கீல் படியில் நின்று, அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனி ஆள்கள் வேணும். அந்த வழியில சுமடு எடுத்து நடந்தவங்க. அவங்க வந்து பறைஞ்சா நிக்கும். எல்லாரும் தமிழ்க்காரங்க. யாரு போய் எழுதி எடுப்பா?"

கடைக்குத் திரும்பி வேர்டைத் திறந்தேன். கன்ட்ரோல் இல்லாமல். வந்தாச்சா? ஓகே.

ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் இருந்த உன் மேக்ரோ கோப்புக்குள் போனேன். முதல் முறை. நீ எழுதிய வரிகள். இடையிடையே உனக்கு நீயே எழுதிக்கொண்ட குறிப்புகள், ஆங்கில எழுத்துத் தமிழில். "இதை ஏன் போட்டேன் தெரியல. எடுத்தா ஓடல." சிரித்துவிட்டேன். ரவியண்ணன் திரும்பிப் பார்த்தார். தேதியை நிலையாக்கினேன். கையெழுத்துப் படத்தை எடுத்தேன். அந்தப் பத்தியை எடுக்கவில்லை. முக்கால்வாசிப் பத்திரங்களில் அது இருக்கிறது. நீ சொன்னது சரி. உன் வரிகளுக்குக் கீழே என்னுடையதை எழுதினேன். இணையத்தில் தேடி, தப்பாய் எழுதி, மறுபடி எழுதி. இப்போது எழுத்தில் எங்காவது மஞ்சள் மிச்சமிருந்தால் பிரிண்ட் எடுக்க முடியாது. ஒரு பெட்டி வரும். அதில் உன் வாக்கியத்தைத்தான் போட்டேன். தானா வர்றதைத்தான்.

ரவியண்ணன் ஒருமுறை அந்தப் பெட்டியில் மாட்டிக்கொண்டார். திட்டினார். பிறகு மூலத்தை எடுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவர் வாசிப்பு மோசம். மேற்படி வரும்போது நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார், எதற்கு எனக்குச் சிரிப்பு வருகிறது என்று அவருக்குத் தெரியாது.

எனக்கு உன்மேல் கோபம் உண்டு. அந்தத் தண்ணீரில் நடந்து வந்ததற்கு, காய்ச்சலோடு உட்கார்ந்ததற்கு. அண்ணாச்சி சொன்ன வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பதில் கிடைக்கவில்லை. உன் பெயரைக் காப்பாற்றினேன், அவர் வழியை இழந்தேன் என்று சில நேரம் தோன்றுகிறது. இரண்டும் ஒரே தாளில் இருந்தன. வேறு மாதிரி அடிக்கத் தெரியவில்லை. ஒத்து வாசிக்க நீ இருந்திருந்தால் அது கோர்ட் வரை போயிருக்காது, அவ்வளவுதான் நிச்சயமாகச் சொல்ல முடிவது.

நேற்றுக் காலை, கடைக்குப் போகும் முன், ஆரியசாலைக்குப் போனேன். அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். மூட்டைகள் வாசல் வரை, தும்மல் வரும் நெடி. வா என்று சொல்லவில்லை. அந்த வழியில் சுமை எடுத்தவர்கள் யார் யார் என்று கேட்டேன். நெடுநேரம் தராசைத் துடைத்தார். பிறகு தாடையால் வெளியே காட்டினார். பூட்டிய கேட்டுக்கு எதிரே கைவண்டியில் சாய்ந்து வயதான ஒருவர் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். போய் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.